வாக்கு யாருக்கு உரியது?

தமிழில் ‘வாக்கு’ என்னும் சொல் வாய்ச்சொல்லையும் குறிக்கும். தேர்தலில் நாம் அளிக்கும் ஓட்டையும் குறிக்கும். சொன்ன சொல்லைக் காப்பவரை வாக்குத் தவறாதவர் என்று போற்றுகிறோம். அவ்வாறாயின், மக்களின் வாக்கைப் பெற்று மன்றம் புகுந்தவர் அதனை இடைவழியில் கைவிடுதல் தகுமா? புதுவையில் வாழும் நமக்கு இவ்வினா புதியதன்று.

1954 அக்டோபர் 18-இல் கீழூரில் கூடிய மக்கட் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைவதை ஆதரித்தனர், எண்மர் எதிர்த்தனர். வாக்கெடுப்பினால் தன் வழியைத் தேர்ந்த நிலம் இது. ஆயினும், 1963-இல் அமைந்த நம் சட்டமன்றத்தின் வரலாறு நிலைத்த ஆட்சிகளின் வரலாறாக அமையவில்லை. 1974-இல் ஓர் அமைச்சரவை மூன்று வாரங்களே நீடித்தது. 2000-இல் தோழமைக் கட்சி ஆதரவை விலக்கிக்கொள்ள, மற்றோர் ஆட்சி வீழ்ந்தது.

2021-இல் நிகழ்ந்தது இவற்றினும் கவலைக்குரியது. அவ்வாண்டு சனவரி 25 முதல் பிப்ரவரி 21 வரையிலான நான்கு வாரங்களுக்குள் ஆளுந்தரப்பைச் சேர்ந்த அறுவர் பதவி விலகினர். முன்னரே ஒருவர் தகுதி இழந்திருந்தார். 33 பேருக்குரிய அவை 26 ஆகச் சுருங்கியது. அரசின் பக்கம் பேரவைத் தலைவர் உட்பட 12 பேர். எதிர்ப்பக்கம் 14 பேர். பிப்ரவரி 22-இல் திரு. வே. நாராயணசாமியின் அமைச்சரவை வீழ்ந்தது. 25-இல் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

அப்பதினால்வருள் மூவர் நடுவணரசால் நியமிக்கப்பெற்றவர் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. அவர்களுக்கும் வாக்குரிமை உண்டென உச்ச நீதிமன்றம் 2018-இல் தீர்ப்பளித்திருந்தது. சட்டப்படி அது சரியே. எனினும், மக்கள் தேர்ந்தெடுத்தவரை மட்டும் எண்ணினால் எதிர்ப்பக்கம் இருந்தோர் பதினொருவரே. 1999-இல் 543 இடங்கள் கொண்ட மக்களவையிலேயே ஒரே வாக்கில் ஓர் அரசு கவிழ்ந்தது. 33 பேர் அவையில் மூவரின் எடை எத்துணை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

1985-இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம், கட்சிக் கட்டளையை மீறி வாக்களிப்போரைத் தண்டிக்கிறது; பதவி விலகித் தேர்தலில் மீண்டும் நிற்போரைத் தடுப்பதில்லை. கருநாடகத்தில் தகுதி நீக்கப்பட்ட பதினெழுவர் வழக்கிலும், 2019-இல், அவை முடியும்வரை அவர்கள் போட்டியிடக் கூடாதென விலக்கும் அதிகாரம் பேரவைத் தலைவருக்கு இல்லையென்றே உச்ச நீதிமன்றம் கூறியது. அவர்களுட் பலர் அவ்வாண்டே இடைத்தேர்தலில் வென்றனர்.

மனச்சான்றுக்கு ஒவ்வாத கட்சியில் ஒருவர் கட்டுண்டு கிடக்க வேண்டுமா என்று சிலர் வினவலாம். வேண்டா, தாராளமாக விலகட்டும். ஆனால், அவ்வவையின் காலம் முடியும்வரை தேர்தலையும் பதவியையும் நாடாதிருக்கட்டும். மனச்சான்றுக்காக விலகியவருக்கு அக்காத்திருப்பு சுமையாகாது. நியமன உறுப்பினர் அவையில் பேசலாம். ஆட்சியின் வாழ்வை முடிவு செய்யும் வாக்கெடுப்பில் மட்டும் ஒதுங்கி நிற்கலாம். இவ்விரண்டையும் சட்டமாக்க வேண்டும் என்பதே நம் கருத்து.

போட்டியிடத் தடை என்பது நமக்கு அயலானதும் அன்று. பத்தாம் நூற்றாண்டில், பராந்தக சோழன் காலத்தில் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டு, வாரியப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரின் பெயரைக் குடவோலையில் இடலாகாது என விலக்குகிறது. பொறுப்புக்குக் கணக்குக் கேட்ட மரபு நம்முடையது.

சட்டம் வரும்வரை நமக்குக் கடமை இல்லையா? விலகிய அறுவருட் சிலரை அதே 2021-இல் வேறு அணியில் வெல்லச் செய்தவர்களும் வாக்காளராகிய நாமே. வாக்கு ஓர் அமானிதம். பெற்றவர் பேணவேண்டியது, கொடுத்தவர் கேட்டுப் பெறவேண்டியது. வாயிலுக்கு வரும் வேட்பாளரிடம் சாலையும் குடிநீரும் கேட்கிறோம். ‘ஐந்தாண்டும் எங்கள் வாக்கோடு இருப்பீரா?’ என்றும் கேட்போம். முதன்முறை வாக்களிக்கவிருக்கும் மாணவச் செல்வங்கள் அவ்வினாவைத் தொடங்கி வைப்பார்களாக.