எந்த விதியை விடுவது?

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட முதல்முறையாக வந்து உட்காருபவர் முன்னால் முந்நூறு பக்க விதிநூலை வைத்தால், பாதியிலேயே எழுந்து போய்விடுகிறார். நூலை மூடி வைத்துவிட்டு, 'தோன்றியதைச் சொல், பார்த்துக்கொள்ளலாம்' என்றால், அன்று சிரித்து விளையாடுகிறார். நாலு வாரத்தில் சலித்துப்போகிறார். விதிகளைச் சுருக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. எதைச் சுருக்குவது என்பதில்தான் நமக்குச் சொல்ல இருக்கிறது. கணக்கைக் குறைக்கும் சுருக்கம் ஆட்டத்தை வாழவைக்கும். ஆடுபவர் முடிவெடுக்கும் இடங்களைக் குறைக்கும் சுருக்கம் ஆட்டத்தைத் தின்றுவிடும்.

நாலைந்து பேர் ஆளுக்கொரு பாத்திரத்தை ஏற்கிறார்கள். டஞ்சன் மாஸ்டர் எனப்படும் ஒருவர் அவர்களைச் சுற்றியுள்ள உலகத்தை நடத்துகிறார். 'கதவுக்கு அப்பால் முனகல் கேட்கிறது, என்ன செய்கிறீர்கள்?' என்று அவர் கேட்க, இவர்கள் சொல்ல, முடிவு நிச்சயமில்லாத இடத்தில் பகடை உருள்கிறது. இவ்வளவுதான் விளையாட்டு. ஆனால் 1974இல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெஸனும் இதை மூன்று சிறு புத்தகங்களாக வெளியிட்டபோது, போர் விளையாட்டுகளில் ஊறியவர்களை மனத்தில் வைத்தே எழுதினார்கள். சண்டைக்கு 'செயின்மெயில்' என்ற வேறொரு விதிநூலைப் புரட்ட வேண்டியிருந்தது. மூன்றே ஆண்டுகளில், 1977இல், ஜே. எரிக் ஹோம்ஸ் என்ற நரம்பியல் மருத்துவர் தொடக்கநிலையினருக்காக அதைத் தெளிவாக்கித் தொகுத்தார். 1981இல் டாம் மோல்ட்வேயும் 1983இல் ஃபிராங்க் மென்ட்சரும் அதே வேலையை மீண்டும் செய்தார்கள். எளிமையாக்கும் முயற்சிக்கும் இந்த விளையாட்டுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

அந்த முயற்சிகளில் ஐயத்துக்கிடமின்றி வென்ற ஒன்றைப் பார்ப்போம். 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் கவசத்தின் எண் குறையக் குறையப் பாதுகாப்பு கூடும். மிகச் சிறந்த கவசம் பூஜ்யத்துக்கும் கீழே போகும். தாக்குபவருக்கு 'தாக்கோ' என்றொரு எண் உண்டு. ஐந்தாம் நிலை வீரனுக்கு அது 16. எதிரியின் கவச எண் 3 என்றால் 16இலிருந்து 3ஐக் கழித்து, இருபது பக்கப் பகடையில் 13 விழ வேண்டும். கவச எண் மைனஸ் 2 என்றால் கழித்தல் கூட்டலாக மாறி 18 வேண்டும். வாள் ஓங்கிய கை ஓங்கியபடி நிற்க, மேசையில் கழித்தல் கணக்கு நடக்கும். 2000இல் வந்த மூன்றாம் பதிப்பு எண்களைத் திருப்பிப்போட்டது. அந்த 3 இப்போது 17. வீரனின் 16ஐயும் அதேபோலத் திருப்பினால் அவன் கூட்ட வேண்டிய எண் 4. பகடையில் விழுந்ததோடு 4ஐக் கூட்டி 17ஐத் தொட்டால் போதும். அப்போதும் 13தான் தேவை, இப்போதும் 13தான். இந்தத் திருப்பலால் வெற்றி வாய்ப்பு இம்மியும் மாறவில்லை, ஆடுபவரின் உரிமை எதுவும் பறிபோகவில்லை. தலைவலி மட்டும் தீர்ந்தது. சுருக்கத்துக்கு இதைவிட நல்ல இலக்கணம் இல்லை.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு இன்னும் துணிந்தது. மேட்டில் நிற்பதற்கு ஒன்று, எதிரியை இருபுறமும் வளைத்ததற்கு இரண்டு என்று மூன்றாம் பதிப்பில் கூட்டிக்கொண்டே போன சில்லறைப் புள்ளிகளில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, சூழ்நிலை சாதகமென்றால் பகடையை இரண்டு முறை உருட்டிப் பெரியதை எடு, பாதகமென்றால் சிறியதை எடு என்றது. பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரு வாக்கியத்தில் புரிந்துவிடும். சராசரி 10.5இலிருந்து 13.8க்கு உயர்கிறது, 20 விழும் வாய்ப்பு ஐந்து விழுக்காட்டிலிருந்து கிட்டத்தட்டப் பத்தாகிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. ஒரு சாதகமும் மூன்று சாதகங்களும் இங்கே ஒன்றுதான். எதிரி கீழே விழுந்து கிடக்கிறான் என்றால், அதற்குமேல் அவன் கண்ணைக் கட்டவும் திட்டமிட்டவருக்குக் கூடுதலாக எதுவும் கிடைப்பதில்லை. கொடுத்த விலைக்குக் கிடைத்தது அதிகம் என்றே நாம் கருதுகிறோம். ஆனால் விலை கொடுத்தோம் என்பது நினைவிருக்க வேண்டும்.

விலை தெரியாமல் கொடுக்கப்பட்டது சுமைக் கணக்கு. மோல்ட்வே தொகுப்பில் மூட்டையின் எடை நாணயங்களில் அளக்கப்படுகிறது. 400 நாணய எடை வரை பத்து நிமிடத்தில் 120 அடி ஆராய்ந்து நடக்கலாம். 800ஐத் தாண்டினால் 30 அடிதான். தீவட்டி ஒரு மணி நேரம் எரியும். இருபது நிமிடத்துக்கொரு முறை நடத்துபவர் ஆறு பக்கப் பகடையை உருட்டுவார்; 1 விழுந்தால் இருட்டில் ஏதோ வருகிறது. மீட்டு வரும் ஒவ்வொரு பொற்காசும் ஓர் அனுபவப் புள்ளி. இந்த நான்கையும் சேர்த்துப் பாருங்கள்: இன்னொரு பை தங்கத்தைத் தூக்கினால் வளர்ச்சி, ஆனால் நடை தளரும், தீவட்டி தீரும், பகடை மேலும் மேலும் உருளும். தூக்குவதா, விடுவதா? அந்த வாக்குவாதம்தான் அன்றைய ஆட்டத்தின் உயிர். எடை கூட்டுவது அலுப்பு என்று பல மேசைகள் அதைக் கைவிட்டன. பிறகு தீவட்டிக்குக் கணக்கு வைப்பதும் நின்றது, தங்கத்துக்குப் புள்ளியும் போனது. கணக்கோடு சேர்ந்து கேள்வியும் போய், பாதாளம் வெறும் சண்டைக் கூடங்களின் வரிசையாகிவிட்டது.

இதைத் திரும்பக் கொண்டுவரப் பழைய அட்டவணை தேவையில்லை. கெல்சி டியோன் உருவாக்கி 2023இல் வெளியான 'ஷேடோடார்க்' வழி காட்டுகிறது. பாத்திரத்தின் வலிமை எண் எவ்வளவோ அத்தனை பொருள்களைச் சுமக்கலாம். வலிமை குறைந்தவருக்கும் பத்து உண்டு. தீவட்டி நிஜக் கடிகாரத்தில் ஒரு மணி நேரம் எரியும். எடை கூட்ட வேண்டாம், நேரம் எழுத வேண்டாம். 'கயிற்றைப் போட்டுவிட்டுச் சிலையை எடுத்துக்கொள்ளலாமா' என்ற கேள்வி மட்டும் அப்படியே மேசைக்குத் திரும்புகிறது.

விதியே வேண்டாம், நடத்துபவரின் தீர்ப்பு போதும் என்பாரும் உண்டு. அந்த வாதத்துக்கு நீண்ட மரபு இருக்கிறது. 1824இல் ரைஸ்விட்ஸ் என்ற பிரஷ்ய அதிகாரி வகுத்த போர்ப் பயிற்சி விளையாட்டில் அட்டவணைகளும் பகடையும் நிறைந்திருந்தன. 1876இல் பிரஷ்யத் தளபதி வெர்டி டு வெர்னுவா அவற்றை ஒதுக்கி, அனுபவமுள்ள நடுவரின் தீர்ப்பையே விதியாக்கினார். ஆட்டம் வேகமெடுத்தது. ஆனால் அவர் நம்பியது போர்க்களத்தை அறிந்த நடுவரை. நம் மேசையில் நடத்துபவர் பெரும்பாலும் ஒரு நண்பர். அவருக்கும் டிராகனோடு பழக்கமில்லை. எழுதப்பட்ட விதி இல்லாத இடத்தில் வாய் சாமர்த்தியம் உள்ளவர் ஜெயிப்பார், கூச்சம் உள்ளவர் ஓரமாக உட்கார்ந்திருப்பார். 'இந்த மந்திரம் என்னிடம் இருக்கிறது, இது இதைச் செய்யும்' என்று தாளைக் காட்டிச் சொல்லக்கூடிய ஒரு வரி அந்தக் கூச்சக்காரருக்கு மிகப் பெரிய பலம். விதி அவர் பக்கத்தில் நிற்கிறது. அதை எடுக்கும்போது யாருடைய பலத்தை எடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும்.

சுருக்காமலேயே எளிமையாக்கவும் முடியும். மென்ட்சரின் 1983 பெட்டியில் ஆடுபவருக்கான நூல் விதிகளோடு தொடங்குவதில்லை. தனியாக வாசித்தபடியே ஆடும் ஒரு கதையோடு தொடங்குகிறது. வாசிப்பவர் ஒரு வீரன். குகைக்குள் அலீனா என்ற பெண்ணைச் சந்திக்கிறான்; அவள் அவனுக்குத் துணையாகிறாள்; பார்கில் என்ற மந்திரவாதி அவளைக் கொன்றுவிடுகிறான். அந்த இழப்பை உணரும்போதே பகடை, காயம், மந்திரம் எல்லாம் வாசகருக்குப் பழகிவிடுகின்றன. இங்கே மாறியது விதியின் அளவல்ல, சொல்லும் முறை. விதிகள் கடினம் என்று நாம் குறைப்படும் பல இடங்களில் குறை விதியில் இல்லை, கற்றுக்கொடுக்கும் வரிசையில் இருக்கிறது.

எனவே இந்த விளையாட்டை நடத்துகிற, நடத்த விரும்புகிற நண்பர்களிடம் நாம் கேட்பது மூன்று. ஒரு விதியை நீக்குமுன், அதை நம்பி ஆடுபவர் எடுக்கும் முடிவு எது என்று தேடுங்கள். அப்படி ஒன்றும் இல்லையென்றால் தயங்காமல் நீக்குங்கள். இருந்தால் முடிவை வைத்துக்கொண்டு கணக்கை மட்டும் மாற்றுங்கள். எதை நீக்கினாலும், ஆட்டம் தொடங்குமுன் எல்லோரிடமும் சொல்லி, அவர்கள் சம்மதத்தோடு நீக்குங்கள். விதி என்பது மேசையில் கூடியவர்கள் ஒருவருக்கொருவர் கொடுத்த வாக்கு. அதைச் சிறிதாக்கும் உரிமை அவர்கள் எல்லோருக்கும் சேர்ந்தே இருக்கிறது.