'இல்லை' என்ற பதிலுக்குப் பின்

கிறிஸ்தவ ராக் இசையில் துன்பத்தைப் பற்றிய பாடல்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவற்றில் பல, துன்பத்தைக் கடந்து கரையேறியவர் பாடுவதுபோல ஒலிக்கும். நோய் குணமாகிவிட்டது, ஜெபம் கேட்கப்பட்டது, ஆகவே ஸ்தோத்திரம். அமெரிக்கப் பாடகர் ஜெரமி கேம்ப்பின் 'ஐ ஸ்டில் பிலீவ்' அந்த வரிசையில் சேராது. உருகி உருகிச் செய்த ஜெபத்துக்கு 'இல்லை' என்று பதில் வந்த இரண்டே வாரத்தில் எழுதப்பட்ட பாட்டு அது.

கேம்ப் 1978இல் பிறந்தவர். இண்டியானா மாநிலத்தின் லஃபாயெட் நகரத்துப் பையன், பாஸ்டர் மகன். கலிபோர்னியாவில் பைபிள் கல்லூரிக்குப் போன இடத்தில் கிட்டாரும் கையுமாக ஆராதனை நடத்தத் தொடங்கினார். அப்படியொரு கூட்டத்தில்தான் மெலிசா ஹென்னிங்கைப் பார்த்தார். கைகளை உயர்த்தி, சுற்றியிருப்பவர்களை மறந்து பாடிக்கொண்டிருந்தாள் அந்தப் பெண்.

பழக்கம் காதலாகி, நடுவில் முறிந்தும் போனது. பிறகு ஒரு நாள் செய்தி வந்தது: மெலிசாவுக்குச் சினைப்பைப் புற்றுநோய். ஜெரமி மருத்துவமனைக்கு ஓடினார். தேற்றப் போனவரை அவள்தான் தேற்றினாள். இந்த நோயில் தான் இறந்துபோனாலும், அதனால் ஒரே ஒருவர் இயேசுவிடம் வந்தால் போதும், எல்லாவற்றுக்கும் அர்த்தம் கிடைத்துவிடும் என்றாள். இருபதைத் தாண்டாத பெண் பேசுகிற பேச்சா இது! அந்தச் சந்திப்புக்குப் பிறகு, இவளைத்தான் மணப்பது என்று ஜெரமி முடிவுசெய்தார்.

அறுவை சிகிச்சை, கீமோதெரபி எல்லாம் முடிந்து, நோய் விட்டது என்ற நம்பிக்கையோடு 2000 அக்டோபர் 21இல் திருமணம் நடந்தது. தேனிலவின்போதே ஜெரமி 'வாக் பை ஃபெய்த்' என்ற பாடலை எழுதினார். கண்ணால் காண்பதைக் கொண்டல்ல, விசுவாசத்தைக் கொண்டு நடப்பதைப் பற்றி பவுல் கொரிந்தியருக்கு எழுதியதுதான் அதன் கரு. ஊர் திரும்பியதும் மெலிசாவுக்கு வயிற்று வலி. சோதித்துப் பார்த்தால் புற்று பரவியிருந்தது. இனி வாரங்களோ சில மாதங்களோதான் என்று மருத்துவர்கள் கைவிரித்தார்கள். 2001 பிப்ரவரி 5இல் அவள் இறந்தாள். வயது 21. மணவாழ்க்கை நான்கு மாதம்கூட நிறையவில்லை.

அடுத்த இரண்டு வாரமும் கிட்டாரைத் தொடவே ஜெரமிக்கு மனம் வரவில்லை. எடு என்று கர்த்தர் உள்ளுக்குள் சொன்னதாகவே பின்னாளில் சொன்னார். எடுத்தார். வந்தது இந்தப் பாட்டு.

அது தாழ்ந்த குரலில் தொடங்குகிறது. புரியவில்லை, வலிக்கிறது, பதில் எதுவும் தெரியவில்லை என்பதையெல்லாம் முதலில் ஒப்புக்கொண்டுவிட்டுத்தான் பல்லவிக்கு வருகிறது. அங்கே கேம்ப்பின் கரகரத்த குரல் மேலேறுகிறது, எலெக்ட்ரிக் கிட்டார்களும் சேர்ந்துகொள்கின்றன. அந்த வரிசைதான் பாட்டின் உயிர். புலம்பலை விட்டுவிட்டுப் பல்லவியை மட்டும் பாடியிருந்தால் அது மேடையில் கைதட்டு வாங்கும் பாட்டாகியிருக்கும். மனைவியைப் புதைத்துவிட்டு வந்த 23 வயதுக் கணவனின் பாட்டாகியிருக்காது.

சங்கீதப் புத்தகம் படித்தவர்களுக்கு இந்த வழி புதிதல்ல. 13ஆம் சங்கீதம் எவ்வளவு காலம் என்று கடவுளிடம் நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் நம்பிக்கைக்குத் திரும்புகிறது. 88ஆம் சங்கீதத்தில் அந்தத் திருப்பம்கூட இல்லை, இருளிலேயே முடிகிறது. முறையீட்டுக்கு வேதமே இவ்வளவு இடம் கொடுத்திருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை மேடைகளில் துக்கத்தோடு வந்தவரையும் முதல் பாட்டிலேயே சிரிக்கச் சொல்வது நியாயமில்லை. கேம்ப்பின் பாட்டு அந்த அவசரத்தைக் காட்டுவதில்லை.

2002இல் பிஇசி ரெக்கார்டிங்ஸ் வெளியிட்ட 'ஸ்டே' ஆல்பத்தில் தேனிலவில் எழுதிய பாட்டும் துக்கத்தில் எழுதிய பாட்டும் சேர்ந்தே வந்தன. ஆல்பம் பின்னர் கோல்டு சான்றிதழ் பெற்றது. 2003இல் ஜெரமி, தென்னாப்பிரிக்காவின் 'தி பெஞ்சமின் கேட்' ராக் குழுவில் பாடிய ஏட்ரியனை மணந்தார். புது வாழ்க்கை வந்தது என்பதற்காக மெலிசாவின் பெயர் மறைந்துபோகவில்லை. நிகழ்ச்சிகளில் ஜெரமி அவள் கதையைச் சொல்லிவந்தார், 2011இல் அதைத் தன்வரலாறாகவும் எழுதினார்.

'ஐ கேன் ஒன்லி இமாஜின்' பாடலின் கதையைப் படமாக்கி வென்ற எர்வின் சகோதரர்கள் இதையும் படமாக்கினார்கள். கே.ஜே. ஆப்பா ஜெரமியாகவும் பிரிட் ராபர்ட்சன் மெலிசாவாகவும் நடித்தார்கள். படம் அமெரிக்காவில் வெளியான நாள் 2020 மார்ச் 13. கொரோனாவால் சில நாட்களிலேயே திரையரங்குகள் மூடப்பட்டன. இரண்டு வாரத்தில் லயன்ஸ்கேட் நிறுவனம் படத்தை வீட்டிலேயே வாடகைக்குப் பார்க்க இணையத்தில் விட்டது. வசூல் கணக்கில் அது இழப்புதான். ஆனால் மருத்துவமனையில் கிடப்பவரைப் போய்ப் பார்க்கக்கூட வழியில்லாமல் குடும்பங்கள் வீட்டுக்குள் ஜெபித்துக்கொண்டிருந்த வாரங்கள் அவை. மெலிசாவின் கதை அந்த வீடுகளுக்குள் போனது.