பறித்ததைத் திருப்பிக் கேட்டால் பிரிவினையா?



"மாநில உரிமை பேசுறவங்க நாட்டைத் துண்டாடப் பார்க்கிறாங்க" என்று நம் குழுவில் ஒரு தம்பி எழுதியிருந்தான். என்னிடம் படித்தவன். கோபமில்லை. அன்று நடத்தாமல் விட்ட பாடத்தை இன்று நடத்துகிறேன்.

1787ல் அமெரிக்காவில் வலுவான மத்திய அரசுக்கு அரசியல் சட்டம் எழுதினார்கள். வர்ஜீனியாவின் பேட்ரிக் ஹென்றி அதை எதிர்த்தார். ஆங்கிலேயரை எதிர்த்து விடுதலைக்குக் குரல் கொடுத்தவர் அவர், தேசத்துரோகியா? அவர் தரப்பு தோற்றது. ஆனால் அந்த எதிர்ப்பின் பயனாகத்தான் 1791ல் பத்துத் திருத்தங்கள் வந்தன. மத்திய அரசுக்குக் கொடுக்காத அதிகாரம் மாநிலங்களுக்கோ மக்களுக்கோ உரியது என்கிறது பத்தாவது திருத்தம். இங்கே தலைகீழ். எந்தப் பட்டியலிலும் இல்லாத அதிகாரம் டெல்லிக்கே.

பட்டியலில் இருந்ததாவது நிலைத்ததா? கல்வி, காடு, வனவிலங்குப் பாதுகாப்பு மூன்றும் மாநிலப் பட்டியலில் இருந்தவை. 1976ல், நெருக்கடி நிலையில், 42வது திருத்தம் அவற்றைப் பொதுப் பட்டியலுக்குக் கொண்டுபோனது. எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் சிறையில். நம் மாநில அரசை அந்த ஜனவரி 31லேயே கலைத்துவிட்டார்கள். திருத்தம் நிறைவேறியபோது தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே இல்லை. யாரைக் கேட்டு எடுத்தார்கள்?

பொதுப் பட்டியலில் இரு சட்டங்கள் மோதினால் பொதுவாக மத்தியச் சட்டமே நிற்கும். நீட் விலக்குக் கேட்டு 2021ல் நம் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்கு ஒப்புதல் கிடைக்காமல் போனதை நீங்களே பார்த்தீர்கள்.

மத்திய அரசே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஹென்றியும் அடிமைகளை வைத்திருந்தவர்தான். உள்ளூர் வலியவன் எளியவனை மிதித்தால் தடுக்க மேலே ஒரு கை வேண்டும். காட்டில் வாழ்வோருக்கு உரிமை தந்த 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் நாடாளுமன்றம் செய்ததுதான். காக்கிற கைக்குக் கும்பிடு. பறிக்கிற கையைக் கேள்வி கேட்போம். அதே கேள்வி சென்னைக்கும் உண்டு. அதிகாரம் அங்கேயே தேங்காமல் கிராம சபை வரை இறங்க வேண்டும்.

மாநிலங்களுக்குத் திறமை போதாது என்பவர்கள் ஒருமுறை பைக்காராவுக்கு வாருங்கள். 1932ல் இங்கே மின்சாரம் எடுத்தது சென்னை மாகாண அரசு. கோவை ஆலைகள் அந்த மின்சாரத்தில் ஓடின.

இது புதுக் கோரிக்கையும் இல்லை. 1969ல் ராஜமன்னார் குழு அமைத்தோம். 1974ல் சட்டமன்றத்தில் மாநில சுயாட்சித் தீர்மானம் போட்டோம். இந்தியாவுக்குள் இருந்துகொண்டே கேட்டோம். இன்றும் அப்படித்தான் கேட்கிறோம்: கல்வியையும் காட்டையும் திருப்பிக் கொடுங்கள்.

தம்பி, மறுப்பு இருந்தால் எழுது. காரணத்தோடு எழுது.