பாணை நிறுத்துவதற்கு முன்



புதுக்கடைப் பக்கம் வாடகை அறைகளில் வாழும் எங்கள் குடும்பங்கள் பலவற்றில் காலையிலும் இரவிலும் பாண்தான். முகாம்களில் இருந்த காலத்திலும் நிவாரணமாகக் கோதுமை மா வாங்கித்தானே சமைத்தோம். அந்த மாவே சில பிள்ளைகளுக்கு ஒத்துவராது. வயிறு ஊதும், கைகால் மெலியும், வயிற்றோட்டம் விட்டுவிட்டு வரும், உயரம் கூடாது. "தாய் ஒழுங்காச் சாப்பாடு குடுக்கிறேல்லை" என்று அயலில் பேச்சும் வரும். கொடுக்கும் சாப்பாடே குடலைக் கெடுக்கிறது என்பது அந்தத் தாய்க்கு எப்படித் தெரியும்?

இதற்குச் சீலியாக் நோய் என்று பெயர். கோதுமையிலும் பார்லியிலும் உள்ள குளூட்டன் என்ற புரதத்தால் தூண்டப்பட்டு, உடல் தன் சிறுகுடலையே தாக்குகிறது. இதை உலகம் அறிந்துகொண்டதிலும் ஒரு யுத்தத்துக்குப் பங்குண்டு. 1944–45 குளிர்காலத்தில் நெதர்லாந்தில் பஞ்சம். பாண் கிடைக்காத அந்த மாதங்களில் இந்நோயுள்ள பிள்ளைகள் தேறினார்கள். பாண் திரும்பி வந்ததும் மறுபடி நோயுற்றார்கள். கோதுமையில் முன்பே சந்தேகம் கொண்டிருந்த வைத்தியர் டிக்கேக்கு அது உறுதியாயிற்று. அல்ஜீரியாவில் அகதிகளாக வாழும் சஹ்ராவி மக்களுக்கு நிவாரணக் கோதுமை மாவே முக்கிய உணவாயிற்று. அவர்களின் பிள்ளைகளில் ஏறக்குறைய 1000 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது, 100க்கு 5, 6 பேருக்கு இந்நோய் இருந்தது. 1999இல் அந்த ஆய்வு வெளியானது.

பயப்பட வேண்டாம். சோறு உண்ணும் தென்னிந்தியாவில் இது மிக அரிது என்று 2016இல் வெளியான ஆய்வு சொல்கிறது. மெலிந்த பிள்ளைக்கெல்லாம் இந்நோய் என்றில்லை. பூச்சி, இரும்புச்சத்துக் குறைவு போன்றவற்றை வைத்தியர் முதலில் பார்ப்பார். அதற்கும் பிள்ளை தேறாவிட்டால் இதைப் பற்றிக் கேளுங்கள்.

பரிசோதனைக்குக் கொஞ்சம் இரத்தம் போதும். ரி.ரி.ஜி. என்ற பிறபொருளெதிரி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பார்கள். கூடவே மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது பிறவியிலேயே குறைவு, நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வந்துவிடும். நான் அழுத்திச் சொல்ல விரும்புவது ஒன்று: இரத்தம் எடுக்கும்வரை பாணை நிறுத்தாதீர்கள். நிறுத்தினால் பிறபொருளெதிரி குறைந்துபோகும், நோய் மறைந்துகொள்ளும். சில பிள்ளைகளுக்குக் குடலிலிருந்து சிறு துண்டு எடுத்தும் பார்ப்பார்கள்.

நோய் உறுதியானால் கோதுமையை வாழ்நாள் முழுக்க விடவேண்டும். பிறகு செய்யும் பரிசோதனைகளில் அளவு படிப்படியாக இறங்கும். சாதாரண நிலைக்கு வர ஒரு வருடம், சிலருக்கு அதற்கும் மேல் செல்லும். இறங்காமல் நின்றால் பிள்ளையை அடிக்காதீர்கள், சமையலறையைப் பாருங்கள். கடை இடியப்பம் கோதுமை மாவாக இருக்கலாம். கட்டிப் பெருங்காயம், சோயாமீற், சோயா சோஸ் இவற்றிலும் கோதுமை கலந்திருப்பதுண்டு. அரிசிமாப் பிட்டு, குரக்கன், உழுந்து தாராளமாகக் கொடுக்கலாம்.

ஒவ்வொரு முறையும் வந்த அளவைத் திகதியோடு கிளினிக் கொப்பியில் எழுதி வையுங்கள். கூடப்பிறந்த பிள்ளைகளுக்கும் சோதிக்க வேண்டுமா என்று அடுத்த கிளினிக்கில் கேளுங்கள்.