வழிந்தால் கண்ணில் படட்டும்

திருவொற்றியூரில் மாடித் தொட்டி நிரம்பி வழிவதை யாரும் பெரிய குற்றமாகச் சொல்வதில்லை. மோட்டாரைப் போட்டுவிட்டு மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று பேச்சு முடிந்துவிடும். மறந்தவர்மேல் பழியைப் போட்டால் தொட்டியின் குறை தப்பித்துக்கொள்கிறது. வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பும் நேரத்தில், அடுப்பில் உலை கொதிக்கும்போது மோட்டார் ஓடுகிறது. மனிதர்கள் மறக்கத்தான் செய்வார்கள். அது தெரிந்திருந்தும் ஒருவருடைய ஞாபகத்தை நம்பியே தொட்டியை வைத்திருக்கிறோம். வழிவதும் கசிவதும் அமைப்பின் குறைகள் என்பதும், சில நூறு ரூபாய் முதல் சில ஆயிரம் ரூபாய் வரையிலான செலவில் அவற்றைத் தீர்த்துவிடலாம் என்பதும், வடசென்னைக்கு மற்ற இடங்களைவிட இது அவசரம் என்பதும் என் வாதம்.

முதலில், வழிந்து ஓடும் அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல்நீரிலிருந்து நாளொன்றுக்குப் பத்துக் கோடி லிட்டர் குடிநீர் எடுக்கும் நிலையம் 2010இல் திறக்கப்பட்டது. வடசென்னைக் குழாய்களில் வரும் நீரில் ஒரு பங்கு அங்கிருந்து வருகிறது. ஒரு லிட்டர் நல்ல தண்ணீருக்கு இரண்டு லிட்டருக்கும் மேல் கடல்நீரை உறிஞ்ச வேண்டும். அதைச் சவ்வுகளின் வழியே மிகுந்த அழுத்தத்தில் செலுத்த வேண்டும். மிஞ்சுகிற அடர்ந்த உப்புநீரைக் கடலுக்கே திருப்பி விட வேண்டும். இப்படி ஆயிரம் லிட்டர் எடுக்க, பொதுவாக மூன்றிலிருந்து நான்கு யூனிட் மின்சாரம் ஆகிறது. அனல்மின் நிலையத்தின் சாம்பலையும் ஆலைகளின் புகையையும் பல ஆண்டுகளாகச் சுமந்துவரும் எண்ணூர், அத்திப்பட்டுப் பகுதிக்கு மின்சாரத்தின் விலை ரூபாயில் மட்டும் முடிவதில்லை. இந்தத் தண்ணீர் மாடியிலிருந்து வழிந்து தெருச்சாக்கடையில் விழுந்து, பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகவோ நேராகவோ மறுபடி கடலுக்கே போகிறது. கடலில் எடுத்து, உப்பைப் பிரித்து, குழாயில் அனுப்பி, மாடிக்கு ஏற்றி, யாரும் ஒரு வாய்கூடக் குடிக்காமல் கடலுக்கே திருப்பி அனுப்புவதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்க முடியாது.

அளவையும் பார்த்துவிடலாம். வீட்டு மோட்டார் நிமிடத்துக்கு 30 லிட்டர் ஏற்றுகிறது என்று குறைத்தே கணக்கிடுவோம். பத்து நிமிடம் வழிந்தால் 300 லிட்டர், அதாவது ஏறக்குறைய இருபது குடம். நகரங்களில் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வேண்டும் என்பது அரசுத் திட்ட அளவு. இரண்டு பேருக்கு ஒரு நாளுக்கு வேண்டியதைவிட அதிகமாகப் பத்தே நிமிடத்தில் போய்விடுகிறது. அந்த 300 லிட்டர் கடல்நீர் நிலையத்தில் பிறந்ததென்றால், கூடவே ஏறத்தாழ ஒரு யூனிட் மின்சாரமும் போகிறது. 2019 கோடையை நினைத்துப் பாருங்கள். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வற்றிக் கிடந்தபோது, ஜூலை 12 அன்று ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன்களில் 25 லட்சம் லிட்டர் தண்ணீரை ஏற்றிக்கொண்டு முதல் ரயில் வில்லிவாக்கம் வந்தது. ஊரே அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டது. ஒரு வீட்டுக்கு 300 லிட்டர் என்றால், 8,300 வீடுகளில் பத்து நிமிடம் வழிந்தால் அந்த ரயில் முழுவதும் காலி. 2011 கணக்கெடுப்பில் திருவொற்றியூரின் மக்கள்தொகை ஏறத்தாழ இரண்டரை லட்சம். நாலு பேருக்கு ஒரு வீடு என்று வைத்தால் அறுபதாயிரத்துச் சொச்சம் வீடுகள். ஏழு வீட்டுக்கு ஒரு வீடு ஒரே ஒரு தடவை மறந்தால் போதும், ஒரு ரயில் தண்ணீர் சாக்கடைக்குப் போய்விடும்.

இவ்வளவு பெரிய இழப்பு ஏன் உறைப்பதில்லை? எந்தச் சீட்டிலும் அது தெரிவதில்லை என்பதுதான் காரணம். சென்னையில் பெரும்பாலான வீட்டு இணைப்புகளுக்கு மீட்டர் கிடையாது. எவ்வளவு வழிந்தாலும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவது ஒரே தொகை. மோட்டார் கூடுதலாக ஓடிய பத்து நிமிடம், முதல் 100 யூனிட் இலவசம் என்கிற மின்கட்டணக் கணக்கில் கரைந்துவிடுகிறது. இதற்கு நேர்மாறானது அருகிலேயே இருக்கிறது. காசிமேட்டிலிருந்து தங்குகடலுக்குப் போகும் விசைப்படகில் ஐஸ், டீசலோடு நல்ல தண்ணீரும் அளந்துதான் ஏற்றப்படுகிறது. கரை திரும்பும் வரை அதுதான் சமையலுக்கும் குடிக்கவும். படகில் தொட்டியின் மட்டம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும், ஏனென்றால் தெரிந்தே ஆகவேண்டும். படப்பிடிப்புக்கு வரும் கேரவன்களும், வெளிநாட்டில் குடும்பத்தோடு வண்டியிலேயே குடியிருந்து ஊர் சுற்றுகிறவர்களின் வாகனங்களும் அப்படித்தான். தொட்டி சிறியது, எனவே மட்டம் காட்டும் கருவி, காற்றுக் குழாய், வழிகுழாய் மூன்றும் வண்டியின் உறுப்பாகவே வருகின்றன. கரையில் வீடு கட்டும்போதோ தொட்டியை மாடியில் உட்காரவைத்து, மூடியைப் போட்டு, ஏணியை எடுத்துவிடுகிறோம். அதன்பிறகு உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. மட்டம் தெரியாத தொட்டியை அளவாக நிரப்பு என்று ஒருவரிடம் சொல்வது நியாயமில்லை.

தீர்வில் மூன்று அடுக்கு உண்டு. முதலாவது, தெருக்குழாயிலிருந்து தண்ணீர் வந்து விழும் சம்பு. அதற்கு ஃப்ளோட் வால்வு போதும். மட்டம் ஏறும்போது மிதவையும் ஏறி வழியை அடைத்துவிடும். மின்சாரம் வேண்டாம், ஆள் வேண்டாம். நள்ளிரவில் தண்ணீர் விட்டாலும் அது விழித்திருக்கும். இரண்டாவது, மோட்டாரால் நிரம்பும் மாடித் தொட்டி. இங்கே பல வீடுகளில் ஒரு தவறு நடக்கிறது. சம்பில் போட்ட அதே ஃப்ளோட் வால்வை மாடியிலும் போட்டுவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிறார்கள். வால்வு மூடியபிறகும் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தால் அழுத்தம் குழாயின் இணைப்புகளைப் பிரிக்கும், மோட்டார் சூடாகும். மாடித் தொட்டிக்கு வேண்டியது மோட்டாரையே நிறுத்தும் மிதவை சுவிட்ச் அல்லது ஆட்டோமேட்டிக் கன்ட்ரோலர். சம்பில் தண்ணீர் தீர்ந்தாலும் மோட்டாரை நிறுத்துகிற வகையாக அதை வாங்கினால், வறண்டு ஓடி மோட்டார் எரிவதும் நிற்கும். ஒரு தடவை காயில் கட்டும் செலவை நினைத்துப் பார்த்தால் கன்ட்ரோலரின் விலை அதிகமில்லை. அதற்கும் வசதியில்லாத வீட்டுக்கு, நிரம்பியதும் சத்தம் போடும் தொட்டி அலாரம் ஒன்று மிகக் குறைந்த விலையில் கிடைக்கிறது.

“இந்தக் கருவியெல்லாம் ஆறு மாதத்தில் கெட்டுப்போகும்” என்பது கேட்டுப் பழகிய மறுப்பு. அதில் உண்மை இருக்கிறது. உப்புக்காற்று அடிக்கும் ஊரில் திருகும் கம்பியும் சீக்கிரம் துருப்பிடிக்கும். தண்ணீரில் வரும் மண்ணும் துருவும் வால்வின் வாயில் சிக்கும். இதற்காகத்தான் மூன்றாவது அடுக்கு வேண்டும், என் வாதத்தின் மையமும் அதுவே. எந்தக் கருவியும் ஒருநாள் கெடும். கெட்டது உடனே தெரிகிறதா என்பதே கேள்வி. நம் வீடுகளில் தொட்டியின் வழிகுழாயைப் பெரும்பாலும் பின்சுவர் வழியாக யாரும் போகாத சந்துக்கு இறக்குகிறார்கள், இல்லையென்றால் மழைநீர்க் குழாயிலோ கழிவுநீர்க் குழாயிலோ சேர்த்துவிடுகிறார்கள். வழிவது யார் கண்ணுக்கும் படக்கூடாது என்பதே அந்த அமைப்பின் நோக்கமாகிவிடுகிறது. பிரிட்டனில் வீட்டுத் தொட்டிக்கு எச்சரிக்கைக் குழாய் வைத்து, வழியும் நீர் எளிதில் கண்ணில் படும் இடத்தில் விழவேண்டும் என்று விதி செய்தார்கள். வழிகுழாய் வாசற்படிக்குப் பக்கத்தில், மோட்டார் சுவிட்சின் அருகே, நடந்துபோகிறவர் மேல் தெறிக்கும் இடத்தில் இறங்கட்டும். மோட்டார் போட்டவர் மறந்தாலும் அண்டைவீட்டார் குரல் கொடுப்பார்கள். அந்தக் குழாய் உள்ளே வரும் குழாயைவிட ஓர் அளவு பெரிதாக இருக்க வேண்டும். வரும் வேகத்துக்கு வெளியேற முடியாவிட்டால் தண்ணீர் மூடியின் விளிம்பு வழியாகவே இறங்கிச் சுவரை ஊறவைக்கும். குழாயின் முனையில் கொசுவலை கட்டாயம். சென்னையின் மலேரியாவைப் பரப்பும் அனாபிலஸ் ஸ்டீபன்சி கொசு மாடித் தொட்டிகளிலும் கிணறுகளிலும் முட்டையிடும் இனம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கும் தேங்கிய நல்ல தண்ணீர்தான் பிடிக்கும்.

வழிவது சிலநேரம் நடப்பது. கசிவு இரவும் பகலும் நடப்பது. நொடிக்கு ஒரு சொட்டு என்றால் நாளுக்கு நான்கு லிட்டருக்குமேல், ஆண்டுக்கு ஆயிரத்தைந்நூறு லிட்டர். தொட்டியின் கசிவு பெரும்பாலும் நிப்பிளில் தொடங்குகிறது. கீழே இறங்கும் குழாயின் பாரம் முழுவதும் அந்த ஒரு இணைப்பில் தொங்கினால், ரப்பர் வாஷர் நசுங்கி ஒரு பக்கம் வாய் பிளக்கும். குழாயைச் சுவரில் கிளாம்ப் போட்டுத் தாங்கினாலே பாதி நோய் தீரும். வெயிலில் கிடக்கும் பிவிசி குழாய் நாளடைவில் நொறுங்கும் பதத்துக்கு வந்துவிடும், அதற்கு வெளிப்பூச்சு உதவும். கசிவைக் கண்டுபிடிக்க யாரையும் கூப்பிட வேண்டாம். இரவில் எல்லாக் குழாயையும் மூடிவிட்டு, தொட்டியின் மட்டத்தைக் குறித்துவைத்து, காலையில் பார்த்தால் போதும். ஆயிரம் லிட்டர் வட்டத் தொட்டியில் ஒரு சென்டிமீட்டர் இறங்கியிருந்தால் சுமார் பத்து லிட்டர் எங்கோ போயிருக்கிறது. கழிப்பறையின் ஃப்ளஷ் தொட்டியில் கொஞ்சம் கலர்பொடி போட்டு, அழுத்தாமலேயே கீழே நிறம் இறங்குகிறதா என்று பார்க்கலாம். சம்பின் விரிசல்தான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. அதன் வழியே நல்ல தண்ணீர் வெளியே போவதோடு நில்லாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நிலத்தடி மட்டம் மேலே வந்து சம்பு பாதி காலியாக இருக்கும்போது, வெளியிலுள்ள உப்புநீரும் சாக்கடைநீரும் உள்ளே வரும். சம்பைக் கழுவும்போதே விரிசல் பார்த்துப் பூசுவது குடும்பத்தின் உடல்நலத்துக்கான செலவு.

“வழிந்தாலும் மண்ணுக்குள்தானே போகிறது” என்பார்கள். சிமென்ட் போடாத மண் எந்தச் சந்தில் மிச்சமிருக்கிறது? “எங்கள் வீட்டில் போர் தண்ணீர், யாருக்கும் நஷ்டமில்லை” என்பார்கள். கடலோரத்தில் இது இன்னும் பெரிய நஷ்டம். நிலத்தடியில் நல்ல தண்ணீர், கனமான உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நல்ல தண்ணீரின் மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால், கீழேயுள்ள உப்புநீர் ஏறக்குறைய நாற்பது மீட்டர் மேலே ஏறும். கைபன்–ஹெர்ஸ்பெர்க் விதி என்று நூறாண்டுக்கு மேலாகத் தெரிந்த கணக்கு இது. இதைப் பாடமாகக் கண்ட இடமும் பக்கத்திலேயே இருக்கிறது. நகரத்துக்கும் ஆலைகளுக்கும் பாசனத்துக்குமாக மீஞ்சூர்ப் பகுதியில் நிலத்தடி நீரை அளவின்றி இறைத்ததில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே புகுந்தது. ஒருமுறை உப்பேறிய நிலம் நம் ஆயுளில் முழுதாகத் தேறாது.

“வாரியத்தின் குழாய்களே தெருவுக்குத் தெரு கசிகின்றன, முதலில் அதைக் கேளுங்கள்” என்பது எல்லாவற்றிலும் வலுவான மறுப்பு. கேட்கத்தான் வேண்டும். மண்ணுக்கடியில் கசியும் குழாய்களைக் கண்டுபிடிப்பதும், தெருமுனை சின்டெக்ஸ் தொட்டிகளின் உடைந்த குழாயை மாற்றுவதும், லாரியிலிருந்து நிரப்பும்போது வழியாமல் பார்ப்பதும் வாரியத்தின் கடமை. ஆனால் அது சரியாகும்வரை நம் சம்பும் வழியட்டும் என்பதில் பாதிக்கப்படுவது வாரியம் அல்ல, தெருவின் கடைசி வீடு. அழுத்தம் குறைந்த குழாயில் முதல் வீட்டுச் சம்பு மூடாமல் வழிந்துகொண்டிருந்தால், கடைசி வீட்டில் அடிபம்பை எத்தனை அடித்தாலும் காற்றுதான் வரும். அந்தக் கடைசி வீட்டில் விடியுமுன் எழுந்து குடத்தோடு நிற்பவர் பெரும்பாலும் பெண்தான்.

செலவு யாருடையது என்ற கேள்வியும் நியாயமானது. பல குடித்தனங்கள் இருக்கும் வீட்டில் மோட்டார் சுவிட்ச் பொது, பொறுப்பு யாருக்கும் இல்லை. மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருக்கும். குடியிருப்பவர் மேலே ஏறி வால்வை மாற்ற முடியாது. தொட்டி கட்டடத்தின் உறுப்பு, அதைச் சரியாக வைப்பது வீட்டுக்காரரின் கடமை. இதை நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிட முடியாது. 2003இல் மழைநீர்ச் சேகரிப்பு தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. முணுமுணுத்தபடியே என்றாலும் வீடுகள் மாறின. அதே வழியில், புதிய குடிநீர் இணைப்பு கொடுக்கும் முன் சம்பில் ஃப்ளோட் வால்வும், மாடித் தொட்டியில் மோட்டாரை நிறுத்தும் சுவிட்சும், வாசல்புறம் இறங்கும் வழிகுழாயும் உண்டா என்று வாரியம் பார்க்கட்டும். பழைய வீடுகளுக்கு ஓராண்டு அவகாசமும், இயலாதவர்களுக்கு உதவியும் கொடுக்கட்டும். கடல்நீரைக் குடிநீராக்க அடுத்தடுத்து நிலையங்கள் கட்டும் அரசுக்கு, ஒரு மிதவையும் ஒரு முழக் குழாயும் தாங்க முடியாத செலவாகாது. விதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. இந்த ஞாயிற்றுக்கிழமை மாடிக்கு ஏறி, வழிகுழாய் எங்கே போய் முடிகிறது என்று பாருங்கள். அது கண்ணுக்குத் தெரியாத இடத்தில் முடிந்தால், உங்கள் பிளம்பருக்கு முதல் வேலை அதுதான்.