கிணற்றின் அறிக்கை நிலத்துக்காரர் கைக்கும் வர வேண்டும்

இயற்கை எரிவாயுக் கிணறுகள் குறித்து செட்டியார்பட்டி வட்டார விவசாயிகளாகிய எங்கள் நிலைப்பாடு

செட்டியார்பட்டிக்கும் எரிவாயுவுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பார்கள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மண்ணுக்கடியில் பெரும்பாலும் கடும்பாறை. எரிவாயு தேங்குவது பொதுவாகப் படிவுப் பாறையில். ஆகவே நம் தென்னந்தோப்புக்குள் எரிவாயு தேடி எவரும் ரிக்கை ஓட்டிவரப் போவதில்லை. ஆனால் காவிரிப் படுகையின் தென்பகுதி பக்கத்து ராமநாதபுரம் மாவட்டத்தில் இருக்கிறது. அங்கே ஓஎன்ஜிசி பல ஆண்டுகளாக எரிவாயு எடுக்கிறது. வழுதூர் மின்நிலையம் அதில்தான் ஓடுகிறது. அந்தப் பக்கம் சம்பந்தம் வைத்தவர்களும் பூர்வீக நிலம் உள்ளவர்களும் எங்களில் இருக்கிறார்கள். நிலத்தைக் குத்தகைக்குக் கேட்டு ஆள் வந்தால் என்ன கேட்பது, என்ன வாங்கி வைத்துக்கொள்வது என்று அவர்கள்தான் எங்களைக் கேட்டார்கள்.

ராமநாதபுரத்தில் ஓஎன்ஜிசி 20 ஆய்வுக் கிணறுகள் தோண்ட 2025 மார்ச்சில் மாநிலச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு ஆணையம் அனுமதி கொடுத்தது. எதிர்ப்பு கிளம்பியதும், அனுமதியைத் திரும்பப் பெறுமாறு ஆகஸ்டில் மாநில அரசு அறிவுறுத்தியது. அந்த 20 கிணறுகள் வேண்டாம் என்பதில் அந்த மாவட்ட விவசாயிகளோடு நாங்கள் நிற்கிறோம். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்துக்குள் ராமநாதபுரம் வரவில்லை என்பதையும் மறக்கக் கூடாது. அதே 2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளை ‘பி2’ வகைக்கு மாற்றியது. அதன்பிறகு ஆய்வுக் கிணற்றுக்கு மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் கட்டாயமில்லை. ஊர்க்காரர் எழுந்து நின்று கேள்வி கேட்கும் மேடை போய்விட்டது. மிஞ்சியிருப்பது கிணறு தோண்டியதும் எழுதும் அறிக்கை என்ற காகிதம்தான். அந்தக் காகிதமும் நிலத்துக்காரர் கைக்கு வருவதில்லை என்பதே எங்கள் குறை.

அமெரிக்காவில் பல இடங்களில் நிலத்தடி உரிமை தனியாரிடம் இருப்பதால், எடுக்கும் வாயுவில் உரிமைக்காரருக்குப் பங்குத்தொகை உண்டு. கிணற்றறிக்கையை அவர்கள் வரிவரியாகப் படிப்பது பணத்துக்காக. இங்கே உரிமம் கொடுப்பது அரசு, ராயல்டியும் அரசுக்கே. நமக்கு வருவது குத்தகைப் பணமும் பயிர் இழப்பீடும். ஆகவே நாம் அறிக்கையைப் படிப்பது தண்ணீருக்காகவும், பின்னால் திரும்பி வரப்போகும் நிலத்துக்காகவும்.

படிப்பது அப்படியொன்றும் முடியாத காரியமில்லை. தோட்டத்தில் போர் போட்டவருக்குப் பாதி ஏற்கெனவே தெரியும்: எத்தனை அடி, எத்தனை அடிக்குக் கேசிங், எந்த அடியில் தண்ணீர் கண்டது. அதையே இங்கே மீட்டரில் எழுதுகிறார்கள். ‘ஸ்பட்’ என்றால் துளை போடத் தொடங்கிய நாள். ‘டிடி’ மொத்த ஆழம். ஆழத்தைப் பெரும்பாலும் ரிக் மேடையிலிருந்துதான் அளப்பார்கள், தரையிலிருந்து அல்ல. சில மீட்டர் வித்தியாசம் வரும். ‘எம்டி’ என்பது துளையின் நீளம், ‘டிவிடி’ நேர் ஆழம். முதல் எண் இரண்டாவதைவிடக் கணிசமாகப் பெரிதாக இருந்தால் கிணற்றைச் சாய்த்துத் தோண்டியிருக்கிறார்கள் என்று பொருள். வாய் உங்கள் நிலத்திலும் அடி பக்கத்துக்காரர் நிலத்துக்குக் கீழேயும் இருக்கலாம். அவருக்கு யாரும் சொல்லியிருக்கப் போவதில்லை.

அறிக்கையில் எங்களுக்கு முக்கியமான பக்கம் கேசிங் அட்டவணை. 20 அங்குலம், 13⅜, 9⅝, 7 என்று ஒன்றுக்குள் ஒன்றாகக் குழாய்கள் இறங்கும். மேலே உள்ள ‘சர்ஃபேஸ் கேசிங்’ எத்தனை மீட்டரில் நின்றது என்று பாருங்கள். உங்கள் ஊர்க் குடிநீர் போரின் ஆழத்தைப் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். நல்ல தண்ணீர் இருக்கும் அடுக்குகளையெல்லாம் தாண்டிக் கீழே போயிருக்க வேண்டும். அடுத்து, குழாய்க்கு வெளியே ஏற்றிய சிமென்ட் தரைவரை வந்ததா? வந்திருந்தால் ‘சிமென்ட் ரிட்டர்ன்ஸ் டு சர்ஃபேஸ்’ என்று எழுதியிருப்பார்கள். ‘டாப் ஜாப்’ என்றிருந்தால் கீழிருந்து ஏறாத குறையை மேலிருந்து ஊற்றிச் சரிக்கட்டியிருக்கிறார்கள். அங்கே நிறுத்திக் கேள்வி கேட்க வேண்டும். சிமென்ட் குழாயைப் பிடித்திருக்கிறதா என்று ஒலி அலையால் பார்க்கும் சோதனைதான் ‘சிபிஎல்’. ‘லாஸ்ட் சர்குலேஷன்’ என்றால் உள்ளே செலுத்திய சேற்றுக் கலவை திரும்பி வராமல் பாறை இடுக்கில் போய்விட்டது. அது மேல்மட்டத்தில் நடந்திருந்தால் சுற்றுவட்டாரக் கிணற்றுத் தண்ணீரை உடனே சோதிக்கச் சொல்ல வேண்டும்.

நாளொன்றுக்கு இத்தனை ஆயிரம் கனமீட்டர் வாயு வந்தது என்ற எண்ணைப் பார்த்து மலைக்க வேண்டியதில்லை. அது எத்தனை மணி நேரச் சோதனை என்பதைப் பொறுத்தது. நம் வரும்படியும் அதனால் கூடப் போவதில்லை.

ஆனால் கிணற்றின் இன்றைய நிலை என்ன என்ற வரியை விடக் கூடாது. ‘தற்காலிகமாகக் கைவிடப்பட்டது’ என்ற கிணறு இன்னும் கம்பெனிக் கணக்கில் உயிரோடு இருக்கிறது. ‘பிளக் செய்து கைவிடப்பட்டது’ என்றால் எந்த ஆழத்தில் எத்தனை மீட்டர் சிமென்ட் அடைப்பு வைத்தார்கள் என்ற விவரம் கூடவே இருக்க வேண்டும். 2017-இல் ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து நெடுவாசல் கொதித்தபோது அந்த வட்டாரத்தில் முன்பே தோண்டி மூடிய கிணறுகள் இருந்தன. ‘வொர்க்ஓவர்’ என்ற பராமரிப்பு வேலையையும் சின்ன விஷயமாக நினைக்க வேண்டாம். அசாமின் பாக்ஜானில் ஆயில் இந்தியா கிணறு 2020 மே 27-இல் பீறிட்டது அப்படிப்பட்ட வேலை நடந்தபோதுதான். ஜூனில் பற்றிய தீயை நவம்பரில்தான் அணைத்தார்கள். தீயணைப்பு வீரர் இருவர் இறந்தார்கள்.

ஆகவே நாங்கள் கேட்பது இது. ரிக் கிளம்பிய ஒரு மாதத்துக்குள் கேசிங், சிமென்ட், சேற்றுக் கழிவு, கிணற்றின் நிலை ஆகிய விவரங்களைத் தமிழில் எழுதி நிலத்துக்காரருக்கும் ஊராட்சிக்கும் கொடுக்க வேண்டும். தோண்டுவதற்கு முன் எடுத்த தண்ணீர்ச் சோதனை முடிவு குத்தகைப் பத்திரத்தோடு இணைய வேண்டும்; அது இல்லாமல் பின்னால் கெட்டுப்போனதை எந்த நீதிமன்றத்தில் நிரூபிப்பது? கிணற்றை அடைத்த விவரம் கைக்கு வரும்வரை குத்தகை முடிந்ததாகாது என்ற ஷரத்தும் வேண்டும். வாயு எங்கே, எவ்வளவு இருக்கிறது என்பது வணிக ரகசியமாக இருக்கலாம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(d) பிரிவும் அதற்கு இடம் கொடுக்கிறது. எங்கள் குடிநீருக்கும் அந்த வாயுவுக்கும் நடுவே நிற்கும் சிமென்டில் என்ன ரகசியம்?

அறிக்கையைக் கேட்டு வாங்குவதே திட்டத்துக்குச் சம்மதித்ததாகிவிடாதா என்று எங்களுக்குள்ளேயே சிலர் கேட்டார்கள். நியாயமான பயம்தான். ஆனால் வேண்டாம் என்பது இனித் தோண்டப்போகும் கிணறுகளைப் பற்றியது. ஏற்கெனவே தோண்டிய கிணறுகள் அங்கேயே இருக்கின்றன. அவற்றின் மேல் விதைக்கிறார்கள், பக்கத்தில் தண்ணீர் எடுக்கிறார்கள். முதலில் அந்தக் கிணறுகளின் அறிக்கைகளைத்தான் கேட்கிறோம். ராமநாதபுரம் மாவட்டத்தில் நிலம் கொடுத்தவர்கள் குத்தகைப் பத்திர நகலோடு வந்தால், தகவல் கேட்கும் மனுவை நாங்களே எழுதித் தருகிறோம்.