சாடிக்குள் ஓர் அளவுகோல்

தொண்டைமான் இளந்திரையனின் கச்சியைப் பாடும் பெரும்பாணாற்றுப்படையை அதே காஞ்சிபுரத்தில் பாடம் சொல்லும் பேறு நமக்கு வாய்த்திருக்கிறது. ஆயினும் வலைஞர் குடியிருப்பில் அரிசிக் கள் விளையும் பகுதியைப் பல ஆண்டுகள் விரைந்து கடந்தோம். மதுவின் பேச்சு வகுப்புக்கு ஆகாது என்ற கூச்சமே காரணம். நெசவாளர் வீட்டு மாணவி ஒருத்தி ஒருநாள் கேட்டாள்: "பதம் வந்துவிட்டதென்று அவர்களுக்கு எப்படித் தெரியும், ஐயா?" நம்மிடம் விடையில்லை.

பாட்டு முறையைத் தெளிவாகவே சொல்கிறது. குற்றாத அரிசியைக் களியாகத் துழாவி, வாயகன்ற தட்டில் ஆற்றி, முளைநெல்லின் அடையைக் கலந்து, இரண்டு பகலும் இரண்டு இரவும் சாடியில் வைத்து, விரலால் அலைத்து வடிக்கிறார்கள். முளைக்கும் தானியத்தில் மாவைச் சர்க்கரையாக்கும் நொதிகள் பெருகும் என்பது இன்றைய வேதியியல். அடை கலந்ததன் பொருள் அதுவே.

இன்று வீட்டில் திராட்சை மது செய்யும் அயல்நாட்டார் பதம் பார்க்க ஹைட்ரோமீட்டரை மிதக்கவிடுகிறார்கள். நீரின் அளவு 1.000. பழச்சாறு தொடக்கத்தில் 1.090 காட்டி, நொதித்தபின் 0.998க்கு இறங்கினால், வேறுபாட்டை 131ஆல் பெருக்க ஏறத்தாழ 12 விழுக்காடு ஆல்கஹால். குமிழிகள் ஒட்டினால் கருவி உயர்ந்து பொய்யளவு காட்டும். சுழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும். பாலில் நீரைக் கண்டுபிடிக்கும் பால்மானி இதன் உடன்பிறப்பே.

ஆனால் வலைஞர் சாடியில் இக்கருவி தடுமாறும். அங்கே மாவு சர்க்கரையாவதும் சர்க்கரை மதுவாவதும் ஒரே வேளையில் நிகழ்வதால், தொடக்க அளவு முழுக்கதையைச் சொல்லாது. நாளெண்ணிக்கையும் நாவும் விரலுமே அவர்களுடைய அளவுகோல்கள். கருவியின்மை அறிவின்மை அன்று. பாவின் இழுவிசையை விரலால் அறியும் நெசவாளர் ஊரில் இதை விளக்கவும் வேண்டுமா?

உரிமமின்றி மது செய்வதை 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் தடுக்கிறது. அதை மீறச் சொல்லவில்லை. குடிப்பது வேறு, அறிவது வேறு என்கிறோம். கூச்சத்தால் நாம் தாண்டிய வரிகளில் ஒரு தொழில்நுட்பம் இருந்தது. இவ்வாண்டு அவற்றை நிறுத்திப் படித்தோம். வகுப்பு கெட்டுவிடவில்லை, கேள்விகள்தாம் பெருகின. இலக்கிய ஆசிரியருக்கு வேறென்ன வேண்டும்?